டர்காய்ஸ் கல்லும் பில்லில் எழுதிய சொல்லும்



மெக்கானிக்கல் மாணவன் ஆண்டு மலரில் நகைக் கல்லைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் கல்லும் உண்டு, அலுமினிய வார்ப்படமும் உண்டு, ஒரு பில்லும் உண்டு. மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த முயற்சி.

சென்ற விடுமுறையில் ஒரகடம் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கடைசி நாளில் கையில் கொடுத்த உதவித்தொகைதான் என் வாழ்வின் முதல் சம்பளம். அதில் அம்மாவுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று ஆசை. தங்கம் வாங்கும் அளவுக்குப் பணம் இல்லை. வெள்ளித் தோட்டில் வானத்து நீலத்தில் ஒரு கல் பதித்து வைத்திருந்தார்கள். "டர்காய்ஸ் தம்பி, வெளிநாட்டுக் கல்லு. அம்மாவுக்கு நல்லா இருக்கும்" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அக்கம்பக்கம் எல்லோரிடமும் "எம் புள்ள சம்பாதிச்சு வாங்கியாந்தது" என்று காட்டினார். ஒரு மாதம் ஆகியிருக்காது. "டேய், கல்லு வெளுத்துப் போச்சுடா" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் நீலம் போய் உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளை தெரிந்தது. சோப்பும் வியர்வையும் பட்டதில் சாயம் போயிருக்கிறது.

கடைக்கு ஓடினேன். "அண்ணே, டர்காய்ஸ்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. பில்லை வாங்கிப் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "தம்பி, பில்லுல என்ன எழுதியிருக்கு? டர்காய்ஸ் ஃபேன்சி. நாங்க நேச்சுரல்னு எங்கயும் எழுதலையே. அந்தக் கலரைத்தான் அப்படிச் சொல்லுவோம்."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருடம் மெட்டீரியல் சயின்ஸ், மெட்ராலஜி எல்லாம் படித்தவன் ஒரு சொல்லில் தோற்றுப் போனேன். அன்றிலிருந்து இந்தக் கல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் விளங்கியது இதுதான். கல் வியாபாரத்தில் புழங்கும் சொற்கள் நான்கு விதமான கேள்விகளுக்குப் பதில். பார்க்க எப்படி இருக்கிறது? எந்த ஊர்? அதற்கு என்ன செய்தார்கள்? அது என்ன பொருள்? நாம் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். விற்பவர் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். ஏமாற்றம் நடக்கும் இடம் அதுதான். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்வோம்

டர்காய்ஸ் நவரத்தினங்களில் ஒன்று அல்ல. நம் பக்கம் இதற்குப் பழைய புழக்கமும் குறைவு. வட இந்தியாவில் இதை ஃபிரோஸா என்பார்கள். அது பாரசீக மொழியிலிருந்து வந்த பெயர். டர்காய்ஸ் என்பது பிரெஞ்சுச் சொல். 'துருக்கிக் கல்' என்று பொருள். கல் வெட்டி எடுத்தது பாரசீகத்தில், ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது துருக்கி வழியாக. வந்த வழியே பெயராகிவிட்டது. ஆக, இந்தக் கல்லின் பெயரே ஒரு தவறான விலாசத்தில்தான் ஆரம்பிக்கிறது!

வேதியியல்படி பார்த்தால் இது தாமிரமும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட். கூடவே நீரும் உள்ளே கட்டுண்டு இருக்கிறது. நீல நிறத்தைக் கொடுப்பது தாமிரம். அலுமினியத்தின் இடத்தில் இரும்பு புகுந்தால் நிறம் பச்சைப் பக்கம் சாயும். மோஸ் அளவில் கடினம் 5 முதல் 6 வரை. குவார்ட்ஸ் 7, வைரம் 10 என்பது நமக்குப் பாடத்திலேயே உண்டு. நல்ல எஃகுக் கத்தி சுமார் 5.5 என்று வைத்துக்கொண்டால், டர்காய்ஸ் அந்தக் கத்திக்கு ஏறக்குறையச் சமமாக நிற்கும் கல். அடர்த்தி எண் 2.6 முதல் 2.9 வரை.

முக்கியமான விஷயம் இனிதான் வருகிறது. வைரம் போல இது ஒரே படிகம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் கோடிக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் ஒரு கட்டி. இடையிடையே நுண்துளைகள் உண்டு. துளை குறைந்த கல் கெட்டியாக இருக்கும், பாலிஷ் ஏறும். துளை அதிகமான கல் சாக்பீஸ் மாதிரி. தொட்டால் மாவாக உதிரும், நிறமும் வெளிறி இருக்கும். பூமியிலிருந்து கிடைப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மெத்தென்ற கல்தான். துளை இருப்பதால் எண்ணெய், வியர்வை, சென்ட் எல்லாவற்றையும் உறிஞ்சும், நாளடைவில் பச்சையாகும். அதிகமாகச் சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் போய் நிறமும் போகும்.

இந்த நுண்துளையை நினைவில் வையுங்கள். இந்தக் கல்லைச் சுற்றியுள்ள பாதிச் சொற்கள் இந்தத் துளையில் என்ன போட்டு அடைத்தார்கள் என்பதைப் பற்றியவைதான்.

கேள்வி ஒன்று: பார்க்க எப்படி?

'ராபின்ஸ் எக் ப்ளூ' என்பார்கள். ராபின் என்ற வெளிநாட்டுப் பறவையின் முட்டை நிறம். 'ஸ்கை ப்ளூ' நமக்கே தெரியும். இவை நிறத்தை மட்டும் சொல்லும் சொற்கள்.

'மேட்ரிக்ஸ்' என்றொரு சொல் உண்டு. நம் கணக்குப் பாடத்து மேட்ரிக்ஸ் இல்லை! கல் எந்தப் பாறையின் வெடிப்பில் உருவானதோ அந்தத் தாய்ப்பாறை, கல்லுக்குள்ளேயே பழுப்பாகவோ கறுப்பாகவோ ஓடும் கோடுகளுக்கு அந்தப் பெயர். அந்தக் கோடுகள் மெல்லியதாக வலை பின்னியது போல அமைந்தால் 'ஸ்பைடர்வெப்', அதாவது சிலந்தி வலை. ஈரான் வியாபாரிகள் கோடே இல்லாத ஒரே சீரான நீலக் கல்லை 'அஜமி' என்றும், கோடு ஓடும் கல்லை 'ஷஜரி' என்றும் பிரிப்பார்கள். ஷஜர் என்றால் மரம். மரக்கிளை போலக் கோடு பரவியது என்று கருத்து.

'ஏ.ஏ.ஏ. கிரேடு' என்று போட்டு விற்பதும் உண்டு. வைரத்துக்கு நிறம், தெளிவு, வெட்டு, எடை என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட தர அளவு இருக்கிறது. டர்காய்ஸுக்கு அப்படிப் பொது அளவு கிடையாது. ஒரு கடையின் மூன்று ஏ இன்னொரு கடையில் ஒரு ஏ ஆகலாம். கேஜ் இல்லாமல் அளவு சொல்வது போலத்தான் இது.

தோற்றச் சொற்கள் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவை தோற்றத்தை மட்டுமே சொல்கின்றன. சாயம் ஏற்றிய கல்லும் ஸ்கை ப்ளூவாக இருக்கும். பிளாஸ்டிக்கிலும் சிலந்தி வலை அச்சடிக்கலாம்.

கேள்வி இரண்டு: எந்த ஊர்?

ஈரானில் நிஷாப்பூர் சுரங்கம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேர்போனது. எகிப்தியர்கள் சினாய் தீபகற்பத்தில் செராபித் எல் காதிம் என்ற இடத்தில் வெட்டி எடுத்தார்கள். சீனாவில் ஹூபெய் மாகாணம். அமெரிக்காவில் அரிசோனாவின் கிங்மேன், அதே மாநிலத்தின் ஸ்லீப்பிங் பியூட்டி. இதில் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் டர்காய்ஸ் எடுப்பது 2012-ல் நின்றுபோனது. ஆனாலும் அந்தப் பெயரில் கல் விற்பனை மட்டும் நிற்கவில்லை. பழைய இருப்பாகவும் இருக்கலாம், வெறும் பெயராகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் இந்தக் கல்லை உயிராக மதிக்கும் இடம் லடாக். அங்கே பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை தொங்கும் 'பெராக்' என்ற தலையணி அணிவார்கள். அதில் வரிசை வரிசையாக டர்காய்ஸ் தைத்திருக்கும். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து அது. நம் ஊரில் அம்மாவின் தோடும் வளையலும் மகளுக்குப் போவது போலத்தான். கல் பட்டை தீட்டும் தொழிலுக்கு ஜெய்ப்பூர் பெரிய மையம். பல நாட்டுக் கற்களும் அங்கே வந்து வேறு வேறு ஊர்களுக்குப் போகின்றன.

ஊர்ப் பெயரிலும் ஒரு வலை உண்டு. 'பெர்ஷியன்' என்ற சொல்லைச் சிலர் ஊராகச் சொல்வார்கள். சிலர் அந்த ஊர்க் கல் போலக் கோடில்லாத நீலம் என்ற பொருளில், தரமாகச் சொல்வார்கள். எங்கே வெட்டியதாக இருந்தாலும் நிறம் ஒத்துப்போனால் பெர்ஷியன்! சேலம் மாம்பழம் என்று போர்டு வைத்த வண்டியில் உள்ள பழமெல்லாம் சேலத்தில் காய்த்ததா என்ன?

நல்ல ஊரில் மட்டமான கல்லும் கிடைக்கும். ஊர்ப் பெயர் பரம்பரையைச் சொல்லும், பண்பைச் சொல்லாது.

கேள்வி மூன்று: கல்லுக்கு என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்விதான் உயிர்நாடி. இதற்கான சொற்களை வரிசையாகச் சொல்கிறேன்.

நேச்சுரல்: வெட்டி, பாலிஷ் போட்டதைத் தவிர வேறெதுவும் செய்யாத கல். விலை அதிகம், கிடைப்பது குறைவு.

வேக்ஸ்டு: மேலாக மெழுகோ எண்ணெயோ ஏற்றியது. மிகப் பழைய வழக்கம். நிறம் கொஞ்சம் ஆழமாகத் தெரியும். ஆனால் நிரந்தரம் இல்லை.

ஸ்டெபிலைஸ்டு: மெத்தென்ற கல்லின் துளைகளுக்குள் நிறமற்ற பிசின், அதாவது எபாக்சி போன்ற ரெசினைச் செலுத்திக் கெட்டியாக்கியது. கல் உண்மையான டர்காய்ஸ்தான். பிடிமானம் மட்டும் பிசின் கொடுத்தது. இன்று நகைகளில் வரும் உண்மையான டர்காய்ஸில் பெரும்பகுதி இந்த வகையே.

டை ஏற்றியது: பிசினோடு சாயத்தையும் சேர்த்து, அல்லது சாயத்தை மட்டும் ஏற்றியது. கல் உண்மை, நிறம் பொய். 'கலர் ட்ரீட்டட்' என்று எழுத வேண்டும். பலர் வெறும் 'ட்ரீட்டட்' என்று முடித்துவிடுவார்கள்.

என்ஹான்ஸ்டு: எலக்ட்ரிக்கல் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். 1980-களின் கடைசியில் ஜேம்ஸ் சாக்கரி என்ற அமெரிக்க மின் பொறியாளர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பிசினே இல்லாமல் கல்லின் துளை குறைகிறது, பாலிஷ் நன்றாக ஏறுகிறது. சாதாரண லென்ஸிலும் வழக்கமான சோதனைகளிலும் இது பிடிபடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் கல்லின் மேற்பரப்பை ரசாயனப் பகுப்பாய்வு செய்து, பொட்டாசியம் கூடியிருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். 1999-ல் இதைப் பற்றிய விரிவான ஆய்வு வெளிவந்தது. 'சாக்கரி ட்ரீட்மென்ட்' என்றே பெயர்.

ரீகான்ஸ்டிட்யூட்டட்: கல் தூளையும் சில்லுகளையும் பிசினில் குழைத்து, அழுத்திக் கட்டியாக்கி, அதிலிருந்து வெட்டி எடுத்தது. நம் பாஷையில் சொன்னால் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூள் இருக்கிறது, மரம் இல்லை.

பிளாக்: பெரும்பாலும் பிசினும் சாயமும் மட்டுமே. கல் என்பது பெயரளவுக்குக்கூட இல்லாமல் இருக்கலாம்.

இப்போது நான் பயிற்சி பெற்ற தொழிற்சாலைக்கு வாருங்கள். அலுமினியப் பிரஷர் டை காஸ்டிங்கில் உள்ளே நுண்துளை விழுவது நாம் படித்ததுதான். உருகிய உலோகம் வேகமாக அச்சுக்குள் பாயும்போது காற்று சிக்கிக்கொள்ளும். ஆறும்போது சுருக்கமும் விழும். பம்ப் பாடி, கியர்பாக்ஸ் ஹவுசிங் போன்ற பாகத்தில் அந்தத் துளை இருந்தால் எண்ணெய் கசியும். அதற்காக அவற்றையெல்லாம் உருக்கிவிட முடியுமா? 'வேக்குவம் இம்ப்ரெக்னேஷன்' என்று ஒரு வேலை செய்கிறார்கள். பாகங்களைக் கூடையில் அடுக்கித் தொட்டியில் வைத்து, முதலில் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். காலியான துளைக்குள் திரவப் பிசின் இறங்குகிறது. வெளிப்புறத்தில் ஒட்டியதைக் கழுவிவிட்டு, சுமார் 90 டிகிரி வெந்நீரில் முக்குகிறார்கள். பிசின் உள்ளேயே இறுகிக்கொள்கிறது. கசிவு நின்றது!

இதற்கும் டர்காய்ஸ் ஸ்டெபிலைஸ் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? கொள்கையில் ஒன்றுமே இல்லை. துளையுள்ள பொருள், துளையில் பிசின், பிசினை இறுகச் செய்தல். அங்கே கல், இங்கே வார்ப்படம்.

முதல் நாள் எனக்கு டேக் எழுதும் வேலை கொடுத்தார்கள். இம்ப்ரெக்னேஷன் முடிந்து, லீக் டெஸ்ட்டும் பாஸான பாகங்களுக்கு நான் 'ஓ.கே.' என்று எழுதிக் கட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்தார்.

"என்ன தம்பி எழுதுற?"

"பாஸாயிடுச்சுல்ல சார், ஓ.கே.ன்னு எழுதுறேன்."

"பாஸானது சரி. எப்படிப் பாஸாச்சு? இம்ப்ரெக்னேட்டட்னு எழுதிட்டு அப்புறம் ஓ.கே. போடு. நாளைக்கு இதை எவனாவது சூடு பண்ணுவான், வெல்டிங் வைப்பான். உள்ள பிசின் இருக்குன்னு அவனுக்குத் தெரியணுமா வேணாமா?"

அன்றைக்கு அது எனக்கு வெறும் ஒரு வேலை விதியாகத்தான் பட்டது. அம்மாவின் தோடு வெளுத்த பிறகுதான் விளங்கியது. பிசின் ஏற்றிய வார்ப்படம் மட்டமானது அல்ல. டிராயிங் அனுமதித்தால் அது நல்ல பாகமே. பிசின் ஏற்றிய கல்லும் மட்டமானது அல்ல. வியர்வைக்கும் எண்ணெய்க்கும் அதுவே நன்றாகத் தாங்கும். தப்பு, செய்த வேலையில் இல்லை. செய்ததைச் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. சொன்னால் அது ஒரு தயாரிப்பு முறை. மறைத்தால் அது மோசடி.

கேள்வி நான்கு: அது என்ன பொருள்?

இதுவரை பார்த்ததில் கல் கொஞ்சமாவது இருந்தது. இனி வருபவை வேறு பொருள்கள்.

'ஹவ்லைட்' என்று ஒரு வெள்ளைக் கனிமம் உண்டு. கடினம் 3.5 தான். அதன் மேல் சாம்பல் நிறக் கோடுகள் இயற்கையாகவே வலை போல ஓடும். சாயத்தையும் நன்றாக உறிஞ்சும். நீலச் சாயத்தில் முக்கினால் சாட்சாத் சிலந்தி வலை டர்காய்ஸ்! மேக்னசைட் என்ற கனிமத்தையும் இப்படியே சாயம் போடுகிறார்கள். அம்மாவின் தோட்டில் இருந்தது இந்தக் குடும்பம்தான் என்பது என் முடிவு. வெளுத்த இடத்தில் தெரிந்த அந்த வெள்ளையே சாட்சி. இதே வெள்ளைக் கனிமங்களைச் சாயம் போடாமல் 'ஒயிட் டர்காய்ஸ்' என்று விற்பதும் நடக்கிறது. 'ஆப்பிரிக்கன் டர்காய்ஸ்' என்று வருவது டர்காய்ஸே அல்ல. ஜாஸ்பர் வகைக் கல்.

'இமிட்டேஷன்' என்றால் பார்வைக்கு ஒத்த வேறு பொருள். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ சாயம் போட்ட கல்லோ எதுவும் ஆகலாம். 'சிந்தடிக்' என்றால் சரியான பொருள் வேறு: இயற்கைக் கல்லின் அதே சேர்க்கையை, அதே கட்டமைப்பை மனிதன் உண்டாக்கியது. 1972-ல் பியர் கில்சன் என்ற பிரெஞ்சுக்காரர் டர்காய்ஸ் தயாரித்து விற்பனைக்கு விட்டார். அதையும் சிந்தடிக் என்று ஒப்புக்கொள்ளலாமா, இமிட்டேஷன் என்றுதான் சொல்ல வேண்டுமா என்று நிபுணர்களே வாதிட்டார்கள். சேர்க்கை முழுக்க ஒத்துப்போகவில்லை என்பது காரணம். பாருங்கள், ஒரு சொல்லைப் போடுவதற்கு முன்னால் அவர்கள் எவ்வளவு யோசிக்கிறார்கள்!

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? திருச்சி செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். எத்தனையோ குடும்பங்கள் சாணை பிடித்தே பிழைத்தன. அந்தக் கைத்திறன் சத்தியமானது. ஆனால் கடையில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று ஒரு பெயர் வைத்து விற்கிறார்களே, அது என்ன? சிர்கோனியம் ஆக்சைடு, அதாவது கியூபிக் சிர்கோனியா. நகைக்கல்லாக 1970-களில் அதைப் பெரிய அளவில் தயாரிக்க வழி கண்டவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். ஆக, அமெரிக்கனும் இல்லை, டைமண்டும் இல்லை. இரண்டே சொல், இரண்டும் தப்பு!

'ஜெனுயின்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. பிசின் ஏற்றிய கல்லை ஜெனுயின் என்று சொன்னால் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே இருப்பது உண்மையான டர்காய்ஸ்தானே! நாம் கேட்டது நாலாவது கேள்வி என்று அவர் வைத்துக்கொண்டார்; நாம் மூன்றாவதைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் முன்னோர் தெரு

இப்படிச் சொற்களைப் பிரிப்பது வெள்ளைக்காரன் கற்றுக் கொடுத்த வித்தை என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையைப் பாருங்கள். கோவலன் மதுரையைச் சுற்றி வரும்போது ரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே இளங்கோவடிகள் ஒவ்வொரு மணியின் குணத்தையும் சொல்கிறார். வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு குற்றங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதாவது காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. நல்ல கல் என்பதை 'சூப்பர்' என்று சொல்லி முடிக்கவில்லை. எந்தெந்தக் குற்றம் இல்லை என்று எண்ணிச் சொன்னார்கள். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் நாம் செய்வதும் இதுதான். குறைக்குப் பெயர் இருந்தால்தான் குறை இல்லை என்று கையெழுத்துப் போட முடியும்.

நாமே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். வெடிப்பிலும் துளை விளிம்பிலும் நிறம் திரண்டு அடர்ந்திருந்தால் சாயம் என்று சந்தேகிக்கலாம். கோடுகளைப் பாருங்கள். இயற்கை மேட்ரிக்ஸ் பல இடங்களில் சற்றுப் பள்ளமாகவோ மேடாகவோ கைக்குத் தட்டும். அச்சடித்த கோடு ஒரே மட்டமாக இருக்கும். பத்துக் கல்லும் ஒரே நிறம், ஒரே கோடு என்றால் இயற்கை அவ்வளவு கச்சிதமாக வேலை செய்யாது. கல்லின் பின்புறத்தையும் பார்க்கக் கேளுங்கள். மெல்லிய கல் உடையாமல் இருக்கப் பின்னால் எபாக்சி ஒட்டுவது வழக்கம். அதையும் சேர்த்து எடை போட்டு விற்றால் பிசினுக்கும் கேரட் கணக்கில் காசு கொடுக்கிறோம்! ஒரு கேரட் என்பது 0.2 கிராம்.

காய்ச்சிய ஊசியைத் தொட்டால் பிளாஸ்டிக் வாடை வரும் என்று சிலர் சொல்வார்கள். வாடை வரும் என்பது உண்மையே. ஆனால் கல்லில் தழும்பும் விழும். சாயத்தை அசிட்டோனால் துடைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். அடுத்தவர் பொருளில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பிசின் உள்ளே இருக்கிறதா என்று சேதமில்லாமல் அறிய ரத்தினச் சோதனைக் கூடங்களில் இன்ஃப்ராரெட் நிறமாலைக் கருவி உண்டு. விலை கூடிய கல் என்றால் அந்தச் சான்று கேட்பதில் வெட்கம் இல்லை.

பில் என்ன சொல்ல வேண்டும்?

ஹால்மார்க் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். 2021 ஜூன் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. நல்லதுதான். ஆனால் அந்த முத்திரை உலோகத்தின் தூய்மையைப் பற்றியது. அதில் பதித்த கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

எனவே கல் வாங்கும்போது, எந்தக் கல்லானாலும், இந்த நான்கையும் வாயால் கேட்டு பில்லில் எழுத்தால் வாங்குங்கள்.

1. இது என்ன கனிமம்? டர்காய்ஸா, ஹவ்லைட்டா, பிசினா?

2. இதற்கு என்ன செய்திருக்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை என்றால் 'நேச்சுரல், அன்ட்ரீட்டட்' என்று எழுதுங்கள். பிசின் ஏற்றியது என்றால் 'ஸ்டெபிலைஸ்டு' என்று எழுதுங்கள். சாயம் என்றால் சாயம்.

3. எந்த ஊர்க் கல்? ஊர்ப் பெயரா, நிறத்தின் பெயரா?

4. எடை எவ்வளவு? பின்னால் ஒட்டியது சேர்த்தா, சேர்க்காமலா?

எழுத மறுத்தால் அதுவே ஒரு பதில். எழுதிக் கொடுத்து, அது பொய்யாகிவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும், பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எனக்கு அப்போது இது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் பில்லில் இருந்த 'ஃபேன்சி' என்ற சொல் எனக்கு எதிராகத்தான் பேசியிருக்கும்.

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிஃப்ட்டுக்குப் போகப்போகிறோம். டேக் எழுதப்போவது நாம். ரீவொர்க் செய்த பாகத்தை ரீவொர்க் என்று எழுதுவதா, வெறும் ஓ.கே. என்று எழுதுவதா என்ற நிமிடம் ஒவ்வொருவருக்கும் வரும். ஷிஃப்ட் முடியும் நேரம், டார்கெட் பாக்கி, பக்கத்தில் இருப்பவன் "எழுதுடா, யார் பாக்கப் போறா" என்பான். பார்க்கப் போகிறவர் எங்கோ இருக்கிறார். அந்தப் பாகம் போட்ட வண்டியில் யாரோ ஒருவருடைய அம்மா உட்கார்ந்து போவார்.

அந்தத் தோட்டைக் கழற்றிவிட்டு வேறு வாங்கித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளி வெள்ளிதானேடா, கல்லை மட்டும் மாத்திக் குடு" என்றார். மாற்றக் கொடுத்திருக்கிறேன். இம்முறை வேறு கடை. ஸ்டெபிலைஸ்டு டர்காய்ஸ் என்று பில்லில் எழுதி வாங்கியிருக்கிறேன். நேச்சுரல் வாங்க இன்னும் கொஞ்சம் சம்பாதிக்க வேண்டும்.

— இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன், பென்னலூர்